மண்டபத்தில் மீந்த சாப்பாடு: தன்னார்வலர்களை எப்போ கூப்பிடணும்? எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

800 பேருக்குச் சமைத்தாச்சு. வந்தது 550 பேர். மதியம் இரண்டரை மணிக்குக் கடைசிப் பந்தி எழுந்த பிறகு பார்த்தால் இரண்டு அண்டா சோறு, முக்கால் அண்டா சாம்பார், கை வைக்காத பாயசம். "யாருக்காவது கொடுத்துடலாமே" என்று ஒருவர் சொல்ல, அதற்குப் பிறகுதான் போனில் தேடல் தொடங்குகிறது. நம்பர் கிடைத்து, பேசி, தன்னார்வலர் வண்டி பிடித்து வந்து சேரும்போது மணி ஐந்தரை. அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "வேண்டாம் சார், இதை எடுக்க முடியாது" என்கிறார்.

வீட்டுக்காரருக்குக் கோபம் வரத்தான் செய்யும். இவ்வளவு சாப்பாட்டை வேண்டாம்னு சொல்றாங்களே, அப்புறம் என்ன சேவை என்று தோன்றும். ஆனால் சரியாகச் செய்தவர் அந்தத் தன்னார்வலர்தான். ஏன் என்பதையும், அவர் "வேண்டாம்" என்று சொல்லாமல் இருக்க நாம் என்ன செய்யலாம் என்பதையும் பார்க்கலாம்.

எவ்வளவு உணவு வீணாகிறது?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் மட்டும் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது. கடைகள், ஹோட்டல்கள், வீடுகள் என மக்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்த உணவில் இது 19 சதவீதம். வீணானதில் 60 சதவீதம் வீடுகளில் போனது.

இந்தியாவில் ஒரு நபருக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீட்டிலேயே வீணாவதாக அந்த அறிக்கை மதிப்பிடுகிறது. அதாவது தினமும் சுமார் 150 கிராம். காய்கறித் தோல், எலும்பு போன்ற சாப்பிட முடியாதவையும் இதில் சேரும் என்பதால், 55 கிலோவும் நல்ல சோறு என்று நினைத்துவிட வேண்டாம். அதே நேரம் மண்டபம், ஹோட்டல், கேன்டீன் கணக்கு இதில் இல்லை. அது தனி.

யார் இந்தத் தன்னார்வலர்கள்?

மீதமான உணவைச் சேகரித்து இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அமைப்பு முறை அமெரிக்காவில் 1967-ல் உருவானது. அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கிய செயின்ட் மேரிஸ் உணவு வங்கிதான் உலகின் முதல் உணவு வங்கியாகக் கருதப்படுகிறது. ஆனால் உணவு வங்கி என்றால் பெரும்பாலும் டின், பாக்கெட், மாவு, பருப்பு. கிடங்கில் அடுக்கி வைத்து நிதானமாகக் கொடுக்கலாம். நம்ம ஊரில் மீதமாவது சுடுசோறும் குழம்பும். கிடங்கு பயன்படாது, வண்டியும் ஆளும்தான் வேண்டும். அதனால் இங்கே வளர்ந்தது வேறு மாதிரியான ஏற்பாடு.

2014-ல் மட்டும் இப்படி மூன்று முயற்சிகள் தொடங்கின. டெல்லியில் ராபின் ஹுட் ஆர்மி. போர்ச்சுகலில் நடந்துகொண்டிருந்த ரீ-ஃபுட் என்ற திட்டத்தைப் பார்த்து உருவானது. உணவகங்களில் மீதமாவதை வாங்கி, நகரின் ஏழைப் பகுதிகளில் கொடுப்பார்கள். பண நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்களுடைய கொள்கை. நேரமும் உணவும் மட்டும் கொடுத்தால் போதும். அதே ஆண்டு கோவையில் 'நோ ஃபுட் வேஸ்ட்' தொடங்கியது. கல்யாண மண்டபங்கள், விழாக்களில் மீதமாவதை எடுப்பதுதான் இவர்களின் முக்கிய வேலை. பிறகு சென்னை உள்ளிட்ட பிற ஊர்களுக்கும் பரவியது. டெல்லியிலேயே உருவான ஃபீடிங் இந்தியா 2019-ல் சொமேட்டோ நிறுவனத்துடன் இணைந்தது.

இவை பெயர் தெரிந்தவை. இதைவிட அதிகமாக நடப்பது பெயரே இல்லாத வேலை. ஒரு தெருவில் நாலு பேர், ஒரு கல்லூரி நண்பர்கள் குழு, ஒரு வாட்ஸ்அப் குரூப், ஒரு ஆம்னி வேன். உங்கள் ஊரில் இருப்பது பெரும்பாலும் இப்படி ஒன்றாகத்தான் இருக்கும். இவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இல்லை. நீங்கள் கூப்பிடும்போது அவரவர் ஆபீஸிலோ கடையிலோ இருப்பார்கள். கிளம்பி வர நேரம் பிடிக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்னை தீரும்.

சரி, ஏன் "வேண்டாம்" என்றார்?

சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சூடாக வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிர வைப்பதென்றால் 5 டிகிரிக்குக் கீழ். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் ஆபத்து மண்டலம். நம்ம ஊர் மதிய வெயில், மண்டபச் சமையலறை வெக்கை எல்லாம் அந்த மண்டலத்துக்குள்தான் வருகிறது. பாக்டீரியாவுக்கு அதுதான் வசதியான இடம். தோதான சூழலில் சில வகை பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்.

"கொதிக்க வச்ச சாம்பார்தானே, அதில் எங்கே பாக்டீரியா?" என்று கேட்கலாம். பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அரிசியிலேயே இருக்கும். அதன் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் சாகாது. சோறு வெந்து, அண்டாவில் மெதுவாக ஆறும்போது அந்த வித்துகள் முளைத்துப் பெருகும். சில வகைகள் ஒரு நச்சையும் உருவாக்கும். அந்த நச்சு வெப்பத்துக்கு அசைந்து கொடுக்காது. மறுபடி எவ்வளவு சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்ட அரை மணியில் இருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். பரிமாறும் கையில் இருந்து வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவின் நச்சும் இதே மாதிரிதான், சூட்டுக்கு மசியாது.

இறைச்சிக் குழம்பு, பிரியாணி என்றால் இன்னொரு ஆள் வருகிறார், கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். காற்று இல்லாத இடம்தான் இதற்குப் பிடிக்கும். பெரிய தேக்சாவின் அடிப்பகுதி அதற்கு ஏற்ற வீடு. மேலே ஆறியது போலத் தெரிந்தாலும் நடுவிலும் அடியிலும் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

இதில் சிக்கல் என்னவென்றால், ஊசிப்போன வாடையோ நூல் விடுவதோ எல்லா நேரத்திலும் தெரியாது. மணமாக, ருசியாக இருக்கும் உணவிலும் இந்த நச்சு இருக்கலாம். அதனால்தான் அனுபவமுள்ள தன்னார்வலர்கள் முகர்ந்து பார்ப்பதோடு நிற்காமல், "எத்தனை மணிக்கு இறக்கினீங்க?" என்று கேட்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு இறக்கிய சோறு ஐந்தரை வரை அப்படியே இருந்திருக்கிறது என்றால் அவர் வேறு பதில் சொல்ல முடியாது.

"நாங்க பழைய சோறே சாப்பிடறோம்" என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க விடுகிறோம். லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து, அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளை அடக்குகிறது. அளவும் கொஞ்சம்தான், சீக்கிரம் ஆறிவிடும். சாம்பார் கலந்து, பலர் கை பட்டு, 100 லிட்டர் அண்டாவில் வெதுவெதுப்பாக உட்கார்ந்திருக்கும் சோறும் அதுவும் ஒன்றல்ல.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியமானது. நமக்கு வயிற்றுக்கு ஆகவில்லை என்றால் பாத்ரூம் இருக்கிறது, குடிக்க நல்ல தண்ணீர் இருக்கிறது, மாத்திரை வாங்க நூறு ரூபாய் இருக்கிறது, ஒரு நாள் லீவு போடலாம். நடைபாதையில் தூங்குபவருக்கு இதில் எதுவும் கிடையாது. இரவெல்லாம் வாந்தி, பேதி என்றால் அவர் எங்கே போவார்? மறுநாள் கூலியும் போச்சு. குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் என்றால் உடலில் நீர்ச்சத்து குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 'இல்லாதவங்கதானே, ஒண்ணும் ஆகாது' என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. உண்மை நேர் எதிர்.

எப்போ கூப்பிடணும்?

மீந்த பிறகு இல்லை. மீறும் என்று தெரிந்ததும். முடிந்தால் அதற்கும் முன்னாடியே.

மண்டபம் புக் பண்ணும்போதே உங்கள் பகுதியில் உணவு சேகரிக்கும் குழு யார் என்று மேனேஜரிடம் கேட்டு வையுங்கள். பல மண்டபங்களில் அவர்களிடமே நம்பர் இருக்கும். முதல் நாள் ஒரு மெசேஜ் போதும்: நாளை இந்த இடத்தில் விசேஷம், இத்தனை பேருக்குச் சமையல், மீதமானால் ஒன்றரை மணிக்குச் சொல்கிறோம். அவர்கள் வண்டியைத் தயாராக வைத்திருப்பார்கள். முகூர்த்த நாளில் ஒரே வேனுக்கு ஏழெட்டு மண்டபத்தில் இருந்து அழைப்பு வரும். முன்பே சொன்னவருக்குத்தான் முதலில் வருவார்கள்.

அடுத்து, வீட்டில் ஒருவரை இதற்கென்று நிறுத்துங்கள். மாப்பிள்ளையின் அப்பாவோ பெண்ணின் அம்மாவோ வேண்டாம், அவர்களுக்கு ஆயிரம் வேலை. சித்தப்பா மகனோ, மாமாவோ, பந்தியில் நிற்கும் யாராவது ஒருவர். இரண்டாவது பந்தி முடியும்போதே சமையல் கான்ட்ராக்டரிடம் கேட்டால் எவ்வளவு மீறும் என்று அவர் சொல்லிவிடுவார். அவருக்கு அது கைவந்த கணக்கு. போன் பண்ண வேண்டிய நேரம் அதுதான்.

போனில் அவர்கள் கேட்பது இவைதான்: என்ன உணவு, சைவமா அசைவமா, எத்தனை மணிக்குச் சமைத்தது, எத்தனை பேருக்குக் காணும், எதில் வைத்திருக்கிறீர்கள், எத்தனை மணிக்குள் எடுக்கணும். "நிறைய இருக்கு, சீக்கிரம் வாங்க" என்றால் அவர்களால் எதையும் திட்டமிட முடியாது. ஒரு கிலோ அரிசிச் சோறு ஏறக்குறைய 7, 8 பேருக்கு வரும். கான்ட்ராக்டரிடம் எத்தனை கிலோ அரிசி மீந்திருக்கு என்று கேட்டுச் சொன்னால் போதும்.

பாத்திரம் இன்னொரு தலைவலி. அண்டா, குண்டான் எல்லாம் மண்டபத்துக்கோ வாடகைக் கடைக்கோ சொந்தம், வெளியே அனுப்ப மாட்டார்கள். தன்னார்வலர்கள் சொந்தப் பாத்திரம் கொண்டுவருகிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் யார் கொண்டுபோய் யார் திருப்பித் தருவது என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். இதில் வாக்குவாதம் நடக்கும் அரை மணி நேரமும் அந்த 2 மணி நேரக் கணக்கில்தான் சேரும்.

அவர்கள் வரும்வரை உணவைக் கிளற வேண்டாம், மூடியை அடிக்கடி திறக்க வேண்டாம். சாம்பார், ரசம் அடுப்பில் சிறு தீயில் இருக்கட்டும். சோறு அடிப்பிடிக்கும் என்பதால் ஹாட் பாக்ஸுக்கு மாற்றலாம். மாற்றும் கரண்டியும் கையும் சுத்தமாக இருக்கணும். சுத்தமான டப்பாவில் எடுத்த ஏசி ரூம் சோற்றைவிட, மூடிய ஹாட் பாக்ஸில் ஆவி பறக்கும் சோறுதான் பாதுகாப்பு.

எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது?

இலையில் விழுந்தது எதுவும் கிடையாது. இதில் பேச்சே இல்லை. பந்தியில் சுற்றிவந்த வாளியில் இருப்பதையும் சேர்க்காதீர்கள். சமையலறையை விட்டு வெளியே வராத பாத்திரத்தில் இருப்பதுதான் கொடுக்கத் தகுந்தது.

வெள்ளைச் சோறு, சாம்பார் சாதம், வெஜ் பிரியாணி, சப்பாத்தி, குருமா எல்லாம் நேரத்துக்கு எடுத்தால் பிரச்னை இல்லை. தேங்காய் சேர்ந்ததுதான் முதலில் கெடும். சட்னி, அவியல், தேங்காய் அரைத்த கூட்டு, தேங்காய்ப்பால் பாயசம் எல்லாவற்றையும் தனியாக வைத்து, சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம் கொஞ்சம் தாங்கும், புளிப்புதான் காரணம். அதற்காக மறுநாள் வரை வைக்கலாம் என்று அர்த்தமில்லை. மட்டன், சிக்கன், மீன், முட்டை என்றால் நிறைய குழுக்கள் நேரக் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்குவார்கள், சிலர் எடுப்பதே இல்லை. வெட்டிய பழம், சாலட், ஐஸ்கிரீம் வேண்டவே வேண்டாம்.

எல்லோரும் மறந்துபோவது ஒன்று உண்டு. ஸ்டோர் ரூமில் பிரிக்காமல் இருக்கும் அரிசி மூட்டை, எண்ணெய் பாக்கெட், காய்கறி, தாம்பூலப் பையில் போடாமல் மீந்த தேங்காய், வாழைப்பழம். ஜாங்கிரி, மைசூர் பாகு, மிக்சர் போன்றவை. இவற்றுக்கு 2 மணி நேர அவசரம் இல்லை. ஒரு முதியோர் இல்லத்துக்கோ காப்பகத்துக்கோ மறுநாள் நிதானமாகக் கொடுக்கலாம். கொடுப்பதிலேயே சுலபமானது இதுதான். ஆனால் பல இடங்களில் கவனிக்க ஆளில்லாமல் இவை காணாமலே போகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அதாவது எஃப்எஸ்எஸ்ஏஐ, மீதமான உணவை மீட்டு விநியோகிப்பதற்கென்றே 2019-ல் தனி விதிமுறைகளை வெளியிட்டது. 2020 ஜூலை முதல் அவை நடைமுறையில் உள்ளன. ஹோட்டல், கேட்டரிங் போன்ற உணவுத் தொழில் செய்பவர்களுக்கும், லாப நோக்கமின்றி விநியோகிக்கும் அமைப்புகளுக்கும் தனித்தனிப் பொறுப்புகள் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. மீதமானதைத் தனியாகப் பிரித்து, சுத்தமாகப் பேக் செய்து, என்ன உணவு, எங்கிருந்து வந்தது, எப்போது தயாரித்தது, சைவமா அசைவமா என்று குறிப்பிட்டுக் கொடுக்கணும். வாங்கும் அமைப்பு பதிவு செய்திருக்கணும், யாரிடம் வாங்கி எங்கே கொடுத்தோம் என்று பதிவேடு வைத்திருக்கணும்.

பேக்கரி பன், பிஸ்கட் பாக்கெட் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். 'இந்தத் தேதிக்கு முன் சிறந்தது' என்பது தரத்தைப் பற்றியது. 'காலாவதி தேதி' என்பது பாதுகாப்பு. காலாவதி தாண்டியதைத் தானமாகக்கூடக் கொடுக்கக் கூடாது.

வெளிநாடுகளில் இதற்கு வேறு வேறு வழிகள். அமெரிக்காவில் நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவர் மீது வழக்கு வராமல் பாதுகாக்க 1996-லேயே சட்டம் வந்தது. கடும் அலட்சியம் என்றால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பிரான்ஸில் 2016 முதல், 400 சதுர மீட்டருக்கு மேல் உள்ள சூப்பர் மார்க்கெட்கள் சாப்பிடத் தகுந்த உணவை அழிக்கக் கூடாது, தொண்டு அமைப்புகளுடன் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளணும்.

சாப்பாடு யாருக்குப் போகிறது?

பிச்சை எடுப்பவர்களுக்கு மட்டும் என்று நினைத்தால் தப்பு. அரசு மருத்துவமனை வாசலில் இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே நோயாளிக்குச் சாப்பாடு கிடைக்கும். கூட வந்தவர் வெளியூர், கையில் இருந்த காசு மருந்துக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது, கட்டிலுக்குக் கீழேயோ மரத்தடியிலோ படுத்திருப்பார். கட்டுமான இடத்துக் கொட்டகையில் இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள், மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகங்களில் தங்கியிருப்பவர்கள், இரவு நேரத் துப்புரவுப் பணியாளர்கள் என்று பட்டியல் நீளும். எந்த இடத்தில் எந்த நேரத்தில் எத்தனை பேர் என்பது உள்ளூர்த் தன்னார்வலருக்குத்தான் தெரியும். நேரடியாகக் காரில் போய் இறங்கிக் கொடுப்பதைவிட அவர்கள் மூலம் கொடுப்பது நல்லது என்பதற்கு அதுவே காரணம்.

குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம் என்றால் கேட்காமல் போய் நிற்காதீர்கள். அவர்கள் அன்றைக்குச் சமைத்து முடித்திருப்பார்கள். நல்ல முகூர்த்த நாளில் மூன்று வீட்டில் இருந்து ஒரே இல்லத்துக்குச் சாப்பாடு வந்தால், மண்டபத்தில் வீணாக வேண்டியது இல்லத்தில் வீணாகும். சில இல்லங்கள் வெளியில் சமைத்த உணவை வாங்குவதே இல்லை. அது திமிர் இல்லை, பொறுப்பு. அப்படிச் சொன்னால் அரிசியாகவோ மளிகையாகவோ கொடுக்கலாம்.

போட்டோ விஷயம். கொடுப்பவர் சிரிக்க, வாங்குபவர் தலை குனிந்திருக்கும் படங்களை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம். 2020 ஊரடங்கின்போது நிவாரண உணவு கொடுக்கும்போது படம் எடுக்கக் கூடாது என்று ராஜஸ்தான் அரசு உத்தரவே போட்டது. பாத்திரத்தைப் படம் எடுங்கள், வண்டியைப் படம் எடுங்கள். சாப்பிடுபவரின் முகம் வேண்டாமே.

வண்டிச் செலவுக்கு மட்டும் சில குழுக்கள் ஏதாவது கேட்கலாம். டீசல் சும்மா வராது, கொடுப்பதில் தவறில்லை. ஆனால் உணவை வந்து பார்க்கும் முன்பே பணம் அனுப்பச் சொன்னால் கொஞ்சம் யோசிக்கணும்.

வீட்டில் கொஞ்சம்தான் மீந்தது என்றால்?

நாலு பேர் சாப்பாட்டுக்காக 10 கிலோமீட்டர் வேன் வராது, வரவும் வேண்டாம். இதற்குத்தான் பொது இடத்தில் வைக்கும் சமுதாய ஃபிரிட்ஜ். கொச்சியில் 2016-ல் ஒரு உணவகம் தன் வாசலில் இப்படி ஒன்றை வைத்தது. சென்னை பெசன்ட் நகரில் 2017-ல் வந்தது. யாரும் வைக்கலாம், யாரும் எடுக்கலாம், யாரும் யாரையும் பார்க்கத் தேவையில்லை. உங்கள் பகுதியில் இருந்தால், சமைத்த உடனே தனி டப்பாவில் எடுத்து, தேதியும் நேரமும் எழுதி வையுங்கள். நாம் சாப்பிட்டு மிச்சம் வைத்ததை அல்ல, சாப்பிட உட்காரும் முன் எடுத்து வைத்ததை.

யாரும் வரவில்லை என்றால்?

நேரம் தாண்டிவிட்டால் கொடுக்காதீர்கள். மண்டபத்தைக் கூட்டும் அக்காவிடமும் வாட்ச்மேனிடமும் "எடுத்துட்டுப் போங்க" என்று தள்ளிவிடுவதும் அதே தப்புதான். அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதை ஒரு மணிக்கே சூடாக எடுத்து வைத்துக் கொடுத்துவிடலாமே.

"மாட்டுக்கு ஊத்திடலாம்" என்பது அடுத்த யோசனை. கவனம். சோறு, பாயசம், கஞ்சி போன்ற மாவுச்சத்துள்ள உணவை மாடு ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட்டால் இரைப்பையில் அமிலம் கூடி, வயிறு உப்பி, செத்தும் போகலாம். பொங்கல் சமயத்திலும் விசேஷ நாட்களிலும் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் எச்சரிக்கை இது. மாடு வைத்திருப்பவர் கேட்டு வாங்கினாலும், தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்துதான் தரணும் என்று சொல்லி அனுப்புங்கள். மிச்சத்தை பிளாஸ்டிக் கப், தண்ணீர் பாட்டில் எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு மக்கும் குப்பையாகத் தனியே கொடுத்தால் உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற முடியும். சாம்பாரோடு டிஷ்யூவும் இலையும் கப்பும் கலந்து ஒரே மூட்டையாகக் கட்டினால் அதுவும் நடக்காது.